யோகம்: தோற்றம், தத்துவம், உடல்நலம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யோகம் கற்றுக்கொடுப்பவர்களுக்கு ஆசனத்தைவிடக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அதிக நேரம் தேவைப்படும். அது நல்லதுதான். ஏனென்றால் யோகத்தைப் பற்றி இன்று இரண்டு விதமான மிகைப்பேச்சு உலவுகிறது. எல்லா நோயையும் தீர்க்கும் மாமருந்து என்பது ஒன்று. கைகால்களை நீட்டி மடக்கும் உடற்பயிற்சி, அவ்வளவுதான் என்பது இன்னொன்று. இரண்டுமே இந்த மரபுக்குச் செய்யும் அநீதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். யோகத்தின் முதல் வேலை மனத்தோடுதான். உடல் அதில் தன் பங்கைப் பெற்றுக்கொள்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படிக்க வேண்டுகிறேன்.

யோகம் ஐயாயிரம் ஆண்டுப் பழமையானது என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கணக்கு பெரும்பாலும் மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரு முத்திரையிலிருந்து வருகிறது. கொம்புள்ள தலையணி சூடிய ஓர் உருவம், குதிகால்கள் ஒன்றையொன்று தொட, முழங்கால்களை அகல விரித்து அமர்ந்திருக்கிறது. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. அகழாய்வுக்குப் பொறுப்பேற்றிருந்த ஜான் மார்ஷல் இதைச் சிவனின் ஆதி வடிவம் என்று 1931-இல் எழுதினார். அதன் பிறகு இது ‘யோகியின் முத்திரை’ ஆகிவிட்டது. சிந்துவெளி எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை. எனவே அந்த உருவம் யார், என்ன செய்கிறது என்பது ஊகம்தான். பார்க்கும்போது நமக்குச் சிலிர்ப்பது உண்மை. ஆனால் சிலிர்ப்பைச் சான்றாகக் காட்ட முடியாது.

எழுத்துச் சான்று என்று பார்த்தால், ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் நீண்ட சடைமுடியோடு காற்றையே ஆடையாக உடுத்தித் திரியும் முனிவரைப் பற்றி ஒரு பாடல் இருக்கிறது. துறவும் தவமும் அங்கே தெரிகின்றன. முறையான பயிற்சி தெரியவில்லை. அந்தத் தெளிவு கட உபநிடதத்தில் வருகிறது. சிறுவன் நசிகேதனுக்கு எமன் சொல்லும் உபதேசத்தில், புலன்களை அசையாமல் நிறுத்திப் பிடிப்பதே யோகம் என்று நேரடியாகச் சொல்லப்படுகிறது. உடல் தேர், அறிவு தேரோட்டி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள் என்ற புகழ்பெற்ற உருவகமும் அந்த நூலில்தான் உள்ளது. சுவேதாசுவதர உபநிடதம் இன்னும் ஒருபடி மேலே போய், உடலை நேராக நிறுத்தி, மூச்சை மெல்லாக்கி, காற்றடிக்காத அமைதியான இடத்தில் அமரச் சொல்கிறது. புத்தர் ஞானம் பெறுவதற்கு முன்பு ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் என்ற இரு ஆசிரியர்களிடம் தியான முறைகளைக் கற்றார் என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. ஆக, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் இந்தப் பயிற்சி உயிரோடு இருந்தது. அந்தப் பெருமையே போதும்.

பதஞ்சலிதான் யோகத்தைக் கண்டுபிடித்தாரா?

இல்லை, தொகுத்தவர். அவருக்கு முன்பே பல வழிகளில் பயிலப்பட்டு வந்ததை ‘யோக சூத்திரம்’ என்ற நூலில் நான்கு பாதங்களாக, 195 அல்லது 196 சூத்திரங்களாக வகுத்தார் (ஒரு சூத்திரம் பாடபேதம்). அவர் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பொது ஆண்டு நான்கு, ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்பதே இன்று பலர் ஏற்கும் கணிப்பு. பாணினியின் இலக்கணத்துக்கு மகாபாஷ்யம் எழுதிய பதஞ்சலியும் இவரும் ஒருவரே என்பது மரபுவழி நம்பிக்கை. ஆய்வாளர்கள் பெரும்பாலும் இருவராகவே கொள்கிறார்கள்.

யோக சூத்திரத்தில் எத்தனை ஆசனங்கள் விளக்கப்பட்டுள்ளன?

ஒன்றுகூட இல்லை! முதல்முறை கேட்பவர்கள் நம்பவே மாட்டார்கள். ஆசனத்துக்கு என்று பதஞ்சலி ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள். அதில் முதலாவது, ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்தது, முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும் என்கிறது. மூன்றாவது, அப்படி அமர்ந்தவனைக் குளிர் வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்காது என்கிறது. இவ்வளவே. நீண்ட நேரம் தியானத்தில் அமர உடல் தடையாக இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

பயிற்சியின்போது பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, முகம் சிவக்க ஓர் ஆசனத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மூன்று சூத்திரங்களைச் சொல்லத் தோன்றும். உடல் எவ்வளவு அழகாக வளைந்திருந்தாலும் அங்கே பதஞ்சலி கேட்ட சுகம் இல்லை.

அப்படியானால் அந்த எட்டு அங்கங்கள் என்ன?

இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. வரிசையைக் கவனியுங்கள். ஆசனத்துக்கு முன்னால் இரண்டு படிகள் இருக்கின்றன. இயமம் என்பது பிறரோடு நாம் நடந்துகொள்ளும் முறை: கொல்லாமை, வாய்மை, திருடாமை, பிரம்மசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. நியமம் என்பது தன்னளவில் காக்க வேண்டியது: தூய்மை, நிறைவு, தவம், தன்னைக் கற்றல், இறைவனிடம் ஒப்படைத்தல்.

இவை ஏன் முதலில் வைக்கப்பட்டன? காலையில் ஒருவரை ஏமாற்றிவிட்டு மாலையில் கண்மூடி அமர்ந்தால், மனம் அந்த ஏமாற்றையே சுற்றிச் சுற்றி வரும். இதற்கு நூலறிவு தேவையில்லை. ஐந்து நிமிடம் அமர்ந்து பார்த்தால் தெரியும். ஒழுக்கம் என்பது இங்கே மனம் அடங்குவதற்கான முன்னேற்பாடு. பிராணாயாமம் மூச்சை ஒழுங்குபடுத்துவது. பிரத்தியாகாரம் புலன்களை வெளியிலிருந்து உள்ளே திருப்புவது. தாரணை மனத்தை ஓரிடத்தில் கட்டுவது. அந்தக் கட்டு அறுபடாமல் ஓடினால் தியானம். தியானிப்பவன் என்ற நினைவும் கரைந்து பொருள் மட்டும் ஒளிர்ந்தால் சமாதி.

யோகத்தின் தத்துவத்தை எளிமையாகச் சொல்ல முடியுமா?

முயல்கிறேன். மன அலைகளை நிறுத்துவதே யோகம் என்பது பதஞ்சலியின் இரண்டாவது சூத்திரம். அலை அடங்கினால், பார்ப்பவன் தன் இயல்பில் நிற்கிறான். மற்ற நேரங்களில் அந்த அலைகளையே தான் என்று எண்ணிக்கொள்கிறான். கோபம் வரும்போது ‘எனக்குள் ஒரு கோபம் எழுந்திருக்கிறது’ என்று நாம் பார்ப்பதில்லை, நாமே கோபமாகிவிடுகிறோம். இந்த மயக்கத்திலிருந்து விடுபடுவதுதான் முழு நூலின் நோக்கம்.

இதற்கு அடித்தளம் சாங்கியத் தத்துவம். அது இருப்பவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று புருஷன்: மாறாத, செயலற்ற, வெறுமனே அறியும் உணர்வு. மற்றொன்று பிரகிருதி: மாறிக்கொண்டே இருக்கும் அனைத்தும். இதில் வியப்பு என்னவென்றால் மனமும் அறிவும்கூடப் பிரகிருதியின் பக்கமே சேர்க்கப்படுகின்றன. உங்கள் நினைவு, உங்கள் கவலை, உங்கள் புத்திசாலித்தனம் எல்லாமே பார்க்கப்படுபவை, பார்ப்பவர் நீங்கள்.

துன்பத்துக்கு ஐந்து வேர்களை இந்நூல் சொல்கிறது: அறியாமை, ‘நான்’ என்ற முனைப்பு, விருப்பு, வெறுப்பு, உயிர்வாழ்வின் மீதான பற்று. கடைசியானது கற்றறிந்தவர்களிடமும் இருக்கும் என்று பதஞ்சலி சேர்த்துச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த இடம். மரண பயத்தைப் பாமரத்தனம் என்று அவர் ஒதுக்கவில்லை.

வழி என்ன? பயிற்சி, பற்றின்மை ஆகிய இரண்டும் சேர்ந்தது. அன்றாடத்துக்கு அவர் தரும் ஒரு சூத்திரம் தனியே மனப்பாடம் செய்யத் தக்கது. மகிழ்ச்சியாக இருப்பவர்களிடம் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, நல்லது செய்வோரிடம் உவகை, தீயது செய்வோரிடம் கண்டுகொள்ளாமை. இவற்றைப் பழகினால் மனம் தெளியும் என்கிறார். அடுத்தவரின் மகிழ்ச்சியைக் கண்டு நட்புக் கொள்வது தலைகீழாக நிற்பதைவிடக் கடினமான பயிற்சி.

பகவத் கீதை இதையே வேறு கோணத்தில் பார்க்கிறது. வெற்றி தோல்வியில் சமமாக நிற்பதே யோகம் என்றும், செயலில் திறமையே யோகம் என்றும் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. காட்டுக்குப் போகாமல், போர்க்களத்தின் நடுவிலும் யோகியாக இருக்கலாம் என்ற வாசலைத் திறந்தது கீதைதான். மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் இல்லை என்று ஆறாம் அத்தியாயம் சொல்லும் நடுவழியும் குடும்பம் நடத்துபவர்களுக்கானது.

தமிழ் மரபில் யோகத்துக்கு இடம் உண்டா?

மிக உயர்ந்த இடம் உண்டு. திருமூலரின் திருமந்திரம் மூவாயிரம் பாடல்கள் கொண்டது. அதன் மூன்றாம் தந்திரம், அதாவது மூன்றாம் பகுதி, முழுக்க யோகத்துக்கே. எட்டு அங்கங்களையும் வரிசையாகப் பாடும் திருமூலர், பதஞ்சலியை அப்படியே பின்பற்றவில்லை. அவர் சொல்லும் இயமத்தில் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமையோடு ‘பகுத்துண்பான்’ என்ற ஒரு சொல்லும் வருகிறது. கிடைத்ததைப் பகிர்ந்து உண்பது யோகத்தின் முதற்படியில் வைக்கப்பட்டிருக்கிறது! கள்ளும் காமமும் விலக்கியவன் என்பதும் அதே பாட்டில் உண்டு.

பிராணாயாமத்துக்கு அவர் கணக்கே கொடுக்கிறார்: இடப்பக்கமாக 16 மாத்திரை (மாத்திரை என்பது ஒரு சிறு கால அளவு) உள்ளிழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை வெளிவிடுவது. இது முதிர்ந்த சாதகருக்கான அளவு. புதிதாகத் தொடங்குபவர் இதைக் கையில் எடுக்கக் கூடாது. உடம்பைப் பற்றி அவர் கொண்ட பார்வைதான் எல்லாவற்றிலும் மேலானது. உடம்பை இழுக்கு என்று முன்பு எண்ணியிருந்ததாகவும், உள்ளே உறுபொருளைக் கண்டபின் அதைப் பேணுவதாகவும் பாடுகிறார். உடம்பை வளர்த்தேன், உயிர் வளர்த்தேனே என்ற அடி உடல்நலத்துக்கும் ஆன்மிகத்துக்கும் இடையே இருந்த சண்டையைத் தீர்த்து வைக்கிறது.

நந்தியிடம் அருள் பெற்ற எண்மரில் தன்னோடு பதஞ்சலியையும் வியாக்கிரபாதரையும் அவர் சேர்த்துப் பாடியிருக்கிறார். தில்லைக் கூத்தன் முன் பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் வணங்கி நிற்கும் காட்சி இந்த மரபிலிருந்து வருவது.

இன்று நாம் செய்யும் ஆசனங்கள் எங்கிருந்து வந்தன?

இரண்டு அலைகளில் வந்தன. முதல் அலை, உடலையும் மூச்சையும் கொண்டு பயிலும் ஹடயோகம். சுவாத்மாராமர் 15-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விளக்குகிறது. அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களைச் சொல்கிறது. அமர்ந்து செய்பவையே இவற்றில் அதிகம். மயூராசனம், குக்குடாசனம் போன்று உடலைக் கைகளால் தாங்குபவையும் உண்டு. காலப்போக்கில் எண்ணிக்கை கூடியது. 19-ஆம் நூற்றாண்டில் மைசூர் அரண்மனையில் தொகுக்கப்பட்ட ஸ்ரீதத்துவநிதி என்ற ஓவிய நூலில் 122 ஆசனங்கள் வரையப்பட்டுள்ளன. கயிற்றில் ஏறிச் செய்பவைகூட அதில் இருக்கின்றன.

இரண்டாம் அலை 20-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1918-இல் ஸ்ரீ யோகேந்திரர் பம்பாயில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1924-இல் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனமும் பிராணாயாமமும் உடலில் என்ன செய்கின்றன என்பதைக் கருவிகள் கொண்டு அளக்கத் தொடங்கினார். 1930-களில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவரிடம் கற்ற பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் ஆகியோர் வழியாகத்தான் இன்று உலகம் அறிந்த யோகத்தின் பெரும்பகுதி பரவியது.

நின்று செய்யும் ஆசனங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூச்சோடு இணைந்து நகரும் தொடர்கள் ஆகியவை இந்தக் காலத்தில்தான் பெருகின. மல்யுத்தப் பயிற்சிகளும் மேலை நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸும் அதில் எவ்வளவு கலந்தன என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத விவாதம். கலந்திருந்தால் என்ன குறை? உயிருள்ள மரபு தன் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். 1989-இல் தம் 100-ஆம் வயதில் மறைந்த கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் ஒவ்வொருவரின் வயது, உடல்நிலை, சூழல் பார்த்துத் தனித்தனியாகப் பயிற்சி வகுத்தார். எல்லோருக்கும் ஒரே அச்சு என்ற போக்கைக் கடைசியில் அவரே கைவிட்டிருந்தார்.

சூரிய நமஸ்காரம் வேத காலத்ததா?

சூரிய வழிபாடு வேத காலத்தது. நாம் இன்று செய்யும் 12 அசைவுத் தொடர் பழைய ஹடயோக நூல்களில் இல்லை. மராட்டியப் பகுதியின் ஔந்து சமஸ்தான மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி 1920-களில் அதை ஒரு முறையான உடற்பயிற்சியாகப் பரப்பினார். நல்ல பயிற்சி. செய்யுங்கள்.

யோகம் செய்ய ஏதேனும் மதத்தைச் சார்ந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. யோகம் இந்திய மண்ணில், இந்திய ஞான மரபில் பிறந்தது. அதை மறைக்க வேண்டிய தேவையும் கிடையாது. அதே சமயம் அது தொடக்கத்திலிருந்தே ஒரே வேலிக்குள் நின்றதில்லை. வைதிகர், பௌத்தர், சமணர், சைவர், நாத சித்தர் எனப் பலரும் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். 11-ஆம் நூற்றாண்டில் இஸ்லாமிய அறிஞர் அல்பிரூனி பதஞ்சலியின் நூலை அரபு மொழிக்குக் கொண்டுபோனார். யோக சூத்திரத்தில் ஈசுவர பக்தி ஒரு வழியாகத் தரப்படுகிறதே தவிர, அது ஒன்றே வழி என்று சொல்லப்படவில்லை. மூச்சைக் கவனிப்பதும், மனத்துக்கு உகந்த எதையேனும் தியானிப்பதும் அங்கே பிற வழிகளாக இடம்பெறுகின்றன. இறைநம்பிக்கை உள்ளவர் அதோடு செய்யட்டும். இல்லாதவர் மூச்சோடு அமரட்டும்.

2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச் சபை ஜூன் 21-ஐ உலக யோகா நாளாக அறிவித்தபோது 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. 2016-இல் யுனெஸ்கோவும் யோகத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உடலுக்கு உறுதியாகக் கிடைக்கும் நன்மை எது?

அதிகமாக ஆராயப்பட்டிருப்பது நாள்பட்ட இடுப்பு வலி. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பு முயல வேண்டிய சிகிச்சைகளில் யோகாவும் ஒன்றாக இடம்பெற்றது. பலன் மிதமானது: வலி ஓரளவு குறைகிறது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் திறன் கூடுகிறது. மற்ற உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரத்த அழுத்தம் சற்றே கூடுதலாக இருப்பவர்களிடம், மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த யோகம் அதைக் கொஞ்சம் இறக்குகிறது. தசை வலு, நெகிழ்வு, உடல் சமநிலை ஆகியவை கூடுகின்றன. இதில் சமநிலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வயதானவர்கள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது சிறிய விஷயமல்ல. சுவர் ஓரமாக, ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தை ஒரு விரல் சுவரில் படப் பழகினால், கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் ஓயாமல் திருத்தி வேலை செய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விழாமல் காப்பது அந்தத் தசைகள்தான்.

ஆழ்ந்து மூச்சுவிட்டால் உடலுக்கு அதிக ஆக்சிஜன் கிடைக்கிறது, அதனால்தான் நன்மை என்பது சரியா?

தவறு. இந்தத் தவறு புத்தகங்களிலும் வகுப்புகளிலும் ஓயாமல் திரும்பச் சொல்லப்படுவது எனக்கு வருத்தம். நலமாக உள்ள ஒருவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு சாதாரணமாகவே 95 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. ஆழமாக இழுப்பதால் அதற்கு மேல் நிரப்ப இடமில்லை. மாறாக, வேகமாகவும் அதிகமாகவும் மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். மூச்சை வேகவேகமாக வெளித்தள்ளும் கபாலபாதியை அளவு மீறிச் செய்பவர்களுக்குத் தலை கிறுகிறுப்பதும் விரல் நுனிகள் மரத்துப்போவதும் இதனால்தான். சிலர் அதைத் தெய்வீக அனுபவம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது நிறுத்தச் சொல்லும் அறிகுறி.

நன்மை வருவது வேறு வழியில். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, விடும்போது சற்று நிதானிக்கிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள், துடிப்புகளுக்கு இடையே இடைவெளி நீள்வதைச் சிலரால் விரலிலேயே உணர முடியும். வெளிமூச்சை நீட்டினால், உடலைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் ஆளுகை கூடுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு என்ற வேகத்தில், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சோடு ஒத்திசைந்து ஏறி இறங்குகின்றன. இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஜெபமாலை உருட்டி ஜெபிப்பவர்களும் யோக மந்திரம் சொல்பவர்களும் தாமாகவே இந்த ஆறு மூச்சு வேகத்துக்கு வந்துவிடுவதைக் கண்டார்கள். வெவ்வேறு மரபுகள், ஒரே தாளம்!

எனவே எளிய பயிற்சி இதுதான்: நிமிர்ந்து அமர்ந்து, வருத்தாமல் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிறுத்திப் பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் பழக்குவதுபோல் மூச்சைச் சிறிது சிறிதாகவே வசப்படுத்த வேண்டும், அவசரப்பட்டால் அது சாதகனையே அழிக்கும் என்று ஹடயோகப் பிரதீபிகை எச்சரிக்கிறது. அந்தப் பழைய எச்சரிக்கையை நவீன உடலியலும் மறுக்கவில்லை.

சர்க்கரை நோய், ஆஸ்துமா, புற்றுநோய் குணமாகுமா?

குணமாகாது. சர்க்கரை நோயாளிகள் மருந்தோடு சேர்த்து யோகம் செய்தால் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் சிறிது மேம்படலாம். இன்ஹேலரை மூலையில் வைக்கும் அளவுக்கு எதுவும் மாறாது. புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்களுக்குச் சோர்வும் தூக்கமின்மையும் பதற்றமும் குறைய உதவுகிறது, கட்டியைக் கரைக்காது. ஆசனம் செய்வதால் மருந்தை நிறுத்தலாம் என்று எவரேனும் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய குருவாக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள்.

மன அழுத்தமும் தூக்கமின்மையும் குறையுமா?

பெரும்பாலோருக்குக் குறைகிறது. என் பார்வையில் யோகத்தின் மிகச் சிறந்த கொடையும் இதுதான், ஏனென்றால் அது எதற்காக உருவானதோ அதற்கு மிக அருகில் இருப்பது இது. பதற்றத்தில் இருக்கும்போது மூச்சு மேல் மார்பில், குட்டையாக, வேகமாக ஓடும். தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும். அதை ஒருவர் கவனித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பயிற்சி கொடுப்பது அந்தக் கவனத்தைத்தான். ஆனால் கடுமையான மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், பழைய அதிர்ச்சிகளின் நினைவுகள் ஆகியவற்றோடு போராடுபவர்கள் மனநல மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை. கண்ணை மூடி அமைதியாக அமர்வது அவர்களில் சிலருக்கு அச்சத்தை அதிகரிக்கவும் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, அசைவோடு கூடிய பயிற்சியைச் செய்யலாம்.

எடை குறையுமா?

யோகத்தால் மட்டும் பெரிதாகக் குறையாது. மென்மையான ஆசனப் பயிற்சி எரிக்கும் சக்தி வேக நடையைவிடக் குறைவு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் உடல் வளையவே வளையாது. நான் தொடங்கலாமா?

தாராளமாக. வளைவு பயிற்சிக்கான நுழைவுச்சீட்டு கிடையாது. தரையில் அமர முடியாவிட்டால் நாற்காலியில் அமருங்கள். குனிந்து காலைத் தொட முடியாவிட்டால் முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். சிறுவயதில் நோயால் நலிந்திருந்த ஐயங்கார்தான் பலகை, வார், கயிறு, போர்வை என்று துணைக்கருவிகளைக் கொண்டுவந்து, முடியாதவர்களுக்கும் ஆசனத்தை எட்டும் தூரத்தில் வைத்தார்.

பத்மாசனம் போட்டால் முழங்கால் வலிக்கிறது. தொடர்ந்து செய்தால் பழகிவிடுமா?

பழகாது, கெடும். முழங்கால் பெரும்பாலும் மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. பக்கவாட்டில் திருகுவதை அது தாங்காது. பத்மாசனத்துக்கு வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். தொடை எலும்பு அங்கே வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும். அங்கே இடம் கிடைக்காதபோது நாம் பாதத்தைக் கையால் பிடித்து மேலே இழுக்கிறோம், சுமை முழுவதும் முழங்காலின் உட்புறக் குருத்தெலும்பில் இறங்குகிறது. சோதிக்க எளிய வழி இருக்கிறது: சுகாசனத்தில், அதாவது சாதாரணமாகச் சம்மணமிட்டு, அமர்ந்து பாருங்கள். முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக நின்றால் இப்போதைக்குப் பத்மாசனம் வேண்டாம். மடித்த போர்வையின் மேல் அமர்ந்து இடுப்பை உயர்த்துங்கள். சிலரின் இடுப்பு எலும்பு அமைப்பே பத்மாசனத்துக்கு இடம் தராது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் சுகாசனத்திலேயே தியானம் செய்யலாம், பதஞ்சலி தடுக்கவில்லை.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

கண் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனம் செய்யக் கூடாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது அளந்து அறியப்பட்டது. கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் ஆகியவை உள்ளவர்களும் சிரசாசனம், தோள்களில் உடலைத் தாங்கும் சர்வாங்காசனம் இரண்டையும் விட்டுவிட வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாக முன்குனிவதும் முறுக்குவதும் ஆபத்து, முள்ளெலும்பு நசுங்கக்கூடும். கர்ப்பிணிகள் மூச்சை நிறுத்துவது, வயிற்றின் மேல் படுப்பது, வயிற்றை அழுத்தி முறுக்குவது, பிற்பகுதி மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து படுப்பது ஆகியவற்றை விலக்கி, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மாதவிடாய் நாட்களில் உடல் கேட்பதை வைத்து முடிவு செய்யுங்கள். தடை என்று பொதுவாக எதுவும் இல்லை.

குத்தும் வலி, மின்சாரம்போல் ஓடும் வலி, மரத்துப்போதல் எது வந்தாலும் உடனே வெளியே வாருங்கள். இழுபடும் உணர்வு தசையின் நடுவில் இருந்தால் சரி, மூட்டிலோ எலும்போடு தசை சேரும் இடத்திலோ இருந்தால் அது காயத்தின் தொடக்கம்.

எப்போது, எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

வயிறு காலியாக இருக்கும் எந்த நேரமும் சரிதான். முழு உணவுக்குப் பின் மூன்று மணி நேரமாவது விடுங்கள். அதிகாலை சிறந்தது என்பார்கள். அமைதி கிடைப்பதால் அப்படிச் சொல்வது. ஆனால் எழுந்தவுடன் முதுகு விறைத்திருக்கும், ஆகவே முன்குனியும் ஆசனங்களை மெதுவாகத் தொடங்குங்கள். தினமும் இருபது நிமிடம், வாரம் ஒருநாள் செய்யும் இரண்டு மணி நேரத்தைவிட மேல். இறுதியில், மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தை விட்டுவிடாதீர்கள். நேரமில்லை என்று எல்லோரும் முதலில் வெட்டுவது அதைத்தான். களைப்பைப் போக்கி மனத்தை ஓய்வுறச் செய்வது என்று ஹடயோகப் பிரதீபிகை அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது.

காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

எளிய ஆசனங்களையும் மெதுவான மூச்சையும் கற்கலாம். தலைகீழ் ஆசனங்களையும், மூச்சை நிறுத்தும் பிராணாயாமத்தையும் திரையைப் பார்த்துச் செய்ய வேண்டாம். உங்கள் கழுத்து எங்கே சுமை தாங்குகிறது என்பது திரையில் இருப்பவருக்குத் தெரியாது. நேரில் ஆசிரியரைத் தேடும்போது, அவர் எவ்வளவு வளைகிறார் என்று பார்க்காதீர்கள். உங்கள் பழைய காயங்களையும் மருந்துகளையும் முதல் நாளே கேட்கிறாரா, ‘முடியவில்லை’ என்றால் மாற்றுவழி தருகிறாரா, அனுமதி கேட்காமல் உடலைத் தொட்டு அழுத்துகிறாரா என்று பாருங்கள்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

மூச்சுப் பயிற்சியின் அமைதி முதல் நாளே ஓரளவு தெரியும். தூக்கத்தில் மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். முதுகு வலிக்கான ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று மாத அளவில்தான் பலனைக் கணக்கிட்டன, ஆகவே அதற்கு முன்பே கைவிட வேண்டாம். மன நிலைபேறுக்கு நாள்கணக்கு சொல்ல முடியாது. நீண்ட காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு செய்தால் பயிற்சி வேரூன்றும் என்றுதான் பதஞ்சலியும் சொல்லி வைத்தார். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையவில்லை என்றாலோ, இடையில் கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காரணமில்லாமல் எடை குறைவது போன்றவை தென்பட்டாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.